புரதக் கடத்தலா, புரதப் போக்குவரத்தா?

வணக்கம்.

உயிரணுவின் உள்ளறைகளுக்கிடையே புரதங்கள் சென்று வருவதற்கும் (protein trafficking) ‘கடத்தல்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தங்கக் கடத்தலும் ஆள் கடத்தலும் நினைவுக்கு வருவது அதற்குக் காரணமன்று; மின்கடத்தி, வெப்பக் கடத்தல் என்று பள்ளியிலேயே பழகிய சொல்லை அந்த நிழல் ஒன்றும் செய்துவிடாது. கடத்துதல் என்றால் கடக்கச் செய்தல் என்பதே என் கவலை. உயிரணுவின் புரத ஆலையான ரைபோசோமில் உருவாகிக்கொண்டிருக்கும் புரதம், புரதங்கள் மடிந்து உருப்பெறும் உள்ளறையான எண்டோபிளாச வலையின் சவ்விலுள்ள துளை வழியே நூல்போல உள்ளே நுழையும்போது, உண்மையாகவே ஒரு சவ்வைக் கடக்கிறது. அந்நிகழ்வுக்குக் கடத்தல் என்பது கச்சிதமான பெயர். அங்கிருந்து, புரதங்களை உரிய இடங்களுக்கு அனுப்பும் அடுத்த அறையான கோல்கை உறுப்புக்குப் போகையிலோ அப்புரதம் எச்சவ்வையும் கடப்பதில்லை; வலையின் சவ்வே மொட்டுவிட்டு, பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்பையாகப் பிரிந்து, புரதத்தை வயிற்றில் சுமந்து சென்று கோல்கைச் சவ்வோடு ஒன்றிவிடுகிறது. இதற்குப் ‘போக்குவரத்து’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.

அச்சொல் பேருந்தை நினைவூட்டினால் இருக்கட்டும். போக்கும் வரத்தும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. புரதங்கள் சரியாக மடிய உதவும் ‘பிப்’ என்ற புரதம் எண்டோபிளாச வலையிலேயே தங்க வேண்டியது. ஆயினும் புறப்படும் சரக்கோடு அதுவும் சிறிது கசிந்து கோல்கைக்குப் போய்விடுகிறது. அதன் வாலில் லைசின், அஸ்பார்ட்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லியூசின் என நான்கு அமினோ அமிலங்கள் உள்ளன. சற்றே அமிலத்தன்மை கொண்ட கோல்கையில் ஓர் ஏற்பி அவ்வாலைப் பற்றிக்கொண்டு, நடுநிலையான வலைக்குள் திரும்பியதும் விட்டுவிடுகிறது. அந்நான்கையும் நீக்கினால் பிப் உயிரணுவைவிட்டே வெளியேறுவதை 1987இல் ஷான் மன்றோவும் ஹியூ பெல்ஹாமும் காட்டினர். அனுப்புவதைப் போலவே திருப்பி அழைப்பதும் ஒழுங்காற்றலின் பகுதி என்பதால், ஒருவழியை மட்டும் சுட்டும் சொல் இங்கே போதாது.

திசைகளைத் தனித்தனியே பெயரிடுவதில்தான் சிக்கல். anterograde, retrograde என்ற ஆங்கிலச் சொற்களை ‘முற்போக்கு’, ‘பிற்போக்கு’ என்று நேராகப் பெயர்த்தால், கடமைக்குத் திரும்பும் பிப்பைப் பிற்போக்குவாதியாக்கிவிடுவோம். ‘போக்கு’, ‘வரத்து’ என்று பிரிப்பதும் உதவாது. சந்தைக்குத் தக்காளி வரத்து என்பதுபோல, கோல்கையின் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் போவதும் வரத்துதான். ஆகவே ‘நேர்ப்போக்கு’, ‘மீள்வரத்து’ என்ற இணையை முன்வைக்கிறேன். ‘மீள்’ இருப்பதால் யார் பார்வை என்ற குழப்பம் எழாது.

புரதங்களை இடம்வாரியாகப் பிரிக்கும் sorting என்பதற்கு ‘தரம்பிரித்தல்’ வேண்டாம். மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை அடையாளம் பெற்ற நொதி, உயிரணுவின் செரிமான அறையான லைசோசோமுக்குப் போவது தரத்தால் அன்று, முகவரியால்; ஆகவே ‘பிரித்தனுப்பல்’ போதும்.

vesicle என்பதற்கு நுண்பை என்று நான் எழுதியது தற்காலிகமே. ‘குமிழி’ என்றால் உள்ளே காற்று இருப்பதுபோல் தோன்றுவதால், இலங்கையில் வழங்கும் ‘புடகம்’ என்பதை இங்கும் எடுத்துக்கொள்ளலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.