உறுப்பினர்கள் மாறிய பிறகு பழைய பெயரிலும் ‘இண்டி ராக்’ என்ற அடையாளத்திலும் ஓர் இசைக்குழு தொடரலாமா?

செந்தூல் கிட்டார் கேட்கிறார்:

வணக்கம். கோலாலம்பூரில் இயங்கும் ஓர் இசைக்குழுவில் நான் கிட்டார் வாசிக்கிறேன். கல்லூரியில் நான்கு பேராகத் தொடங்கிய குழு அது. பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதி, மெட்டமைத்து, பாடியும் வந்த நண்பர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டார். பேஸ் கிட்டார் வாசித்தவர் திருமணத்துக்குப் பின் ஜொகூர் பாருவில் குடியேறினார். வார இறுதி ஜாமிங்குக்கு வர முடியாததால் அவரும் விலகிக்கொண்டார். இருவரோடும் மனக்கசப்பு எதுவும் இல்லை. டிரம்ஸ் வாசிப்பவரும் நானும் மட்டும் எஞ்சியிருந்தபோது, ஒரு பாடகியும் புதிய பேஸ் கலைஞர் ஒருவரும் எங்களோடு சேர்ந்தார்கள். பாடகியின் தம்பி உறுமி மேளக் குழுவில் வளர்ந்தவர். அவரும் ஒத்திகைக்கு வரத் தொடங்கிய பிறகு, உறுமியை மையமாக வைத்தே சில புதிய பாடல்களை அமைத்திருக்கிறோம்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, பழைய பெயரிலேயே தொடரும் உரிமை எங்களுக்கு இருக்கிறதா என்பது. பாடியவரும் எழுதியவரும் ஒருவராகவே இருந்து, அவர் போய்விட்ட நிலையில், இது அந்தக் குழுவே இல்லை என்று எங்கள் பழைய ரசிகர்கள் சிலர் நேரிலேயே சொல்கிறார்கள்.

இரண்டாவது, எங்கள் இசையை எந்த வகையில் சேர்ப்பது என்பது. தொடக்கத்திலிருந்து இண்டி ராக் (‘இண்டிபென்டன்ட்’, அதாவது சுயாதீன ராக்) என்றே எங்களை அறிவித்து வந்தோம். அடுத்த நிகழ்ச்சியின் ஏற்பாட்டாளரோ, உறுமி இருப்பதால், சுவரொட்டியில் ‘தமிழ் ஃபியூஷன்’ என்று அச்சிட விரும்புகிறார். ஃபியூஷன் என்று போட்டால் பண்பாட்டு மாலைகளுக்கு அழைக்கிறார்கள்; பரதநாட்டியத்துக்கும் இரவு விருந்துக்கும் இடையில் இரண்டு பாடல்களுக்கு நேரம் தருகிறார்கள். இண்டி என்று போட்டால் பெட்டாலிங் ஜெயாவின் சிறு அரங்குகளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடும் குழுக்களோடு முழு நேரம் வாசிக்கிறோம், ஆனால் அங்கே தமிழ்க் கேட்பவர்கள் வருவதில்லை. எந்தப் பெயரை அச்சிடுகிறோம் என்பதைப் பொறுத்து அரங்கும் நேரமும் வருகிறவர்களும் மாறிவிடுவதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பட்டர்வொர்த் பழைய வாசிப்பாளர்:

தங்கையே, பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பல ஆண்டுகள் ஹோட்டல் இசைக்குழுக்களில் வாசித்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எங்கள் ஊரில் தொடங்கிய அலிகேட்ஸ் குழுவை நினைத்துப் பாருங்கள். டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகாவும் 1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய குழு அது. ஹாங்காங் கிளப்புகளிலும் வாசித்துவிட்டு, பிறகு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் அறியப்பட்டார்கள். வாசிப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். அதை எவரும் பெரிதாகப் பேசவில்லை. 2007இல் லோகா மறைந்தபோதுதான் உண்மையான கேள்வி எழுந்தது, ஏனென்றால் மக்கள் மனத்தில் பதிந்திருந்த குரல்களில் ஒன்று அவருடையது. அண்ணன் அந்தப் பெயரிலேயே தொடர்ந்தார், மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். தொடங்கிய கைகளில் ஒன்று மேடையில் இருந்ததும், அந்தக் கைக்குரியவர் பிரிந்தவரின் பங்கை மறைக்காமல் ஒவ்வொரு முறையும் சொன்னதும்தான் அதற்குக் காரணங்கள் என்பது என் கணிப்பு.

நீங்களும் டிரம்ஸ் வாசிப்பவரும் தொடக்கத்திலிருந்தே இருப்பவர்கள். பெயரைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் கேட்பவர்:

உங்கள் பழைய நிகழ்ச்சிகளுக்கு வந்தவன் நான். ஆகவே மாற்றுக் கருத்தை மரியாதையோடு முன்வைக்கிறேன். அலிகேட்ஸில் எஞ்சியவரும் பாடகரே. உங்கள் குழுவிலோ குரலும் சொற்களும் ஒருவரோடு போய்விட்டன. புதிய பெயர் வைத்துக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை. ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாதத்தில் இறந்த பிறகு, மீதமிருந்த மூவரும் பழைய பெயரைக் கைவிட்டு நியூ ஆர்டர் என்று தொடர்ந்தார்கள்; ஒருவர் இல்லாமற்போனால் அந்தப் பெயர் வேண்டாம் என்று முன்னரே பேசி வைத்திருந்ததாக அவர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். புதிய பெயர் அவர்களுக்குப் புதிய ஒலியைத் தேடும் சுதந்திரத்தையும் தந்தது. நம் நாட்டிலேயே, பொயட்டிக் அம்மோ என்ற ராப் குழுவில் இருந்த யோகி பி வேறு தோழர்களோடு சேர்ந்தபோது நட்சத்திரா என்ற பெயரோடுதான் வந்தார், 2006இல் வெளியான ‘வல்லவன்’ ஆல்பம் அந்தப் புதிய பெயரிலேயே நிலைத்தது. உறுமி வந்த பிறகு உங்கள் ஒலி வேறாகிவிட்டது. அதற்கென்று ஒரு பெயர் இருக்கட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் இசைத்தட்டுக் கடைக்காரர்:

கிள்ளான் நண்பர் சொல்வது நியாயமான வாதம், ஆனால் அவர் காட்டிய உதாரணங்களைவிட இந்தத் தங்கையின் நிலைக்கு நெருக்கமான ஒன்று உண்டு. பிங்க் ஃபிளாய்டின் 1967ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களை எழுதிப் பாடியவர் சிட் பாரெட். 1968இல் அவர் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. குரலும் சொல்லும் போன பிறகும் மற்றவர்கள் பெயரை மாற்றவில்லை. டேவிட் கில்மரைச் சேர்த்துக்கொண்டு, தட்டுத்தடுமாறித் தாங்களே எழுதப் பழகினார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் உலகம் நினைப்பது பெரும்பாலும் பாரெட் இல்லாத ஆண்டுகளின் இசையைத்தான். அவர்கள் பாரெட்டின் பாடல்களை மட்டுமே பாடிக்கொண்டு சுற்றியிருந்தால் அந்தப் பெயர் ஓரிரு ஆண்டுகளில் மங்கியிருக்கும். எனவே என் அளவுகோல் இதுதான்: எழுதியவர் போன பிறகு எஞ்சியவர்கள் சொந்தமாக எழுதுகிறார்களா? நீங்கள் எழுதத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அதுவே போதும்.

குரல் ஒன்றே குழுவின் அடையாளம் என்ற கருத்தையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. மான்செஸ்டரில் 1976இல் தொடங்கிய தி ஃபால் குழுவில், 2018 ஜனவரியில் மறையும்வரை நிலைத்திருந்தவர் மார்க் ஈ. ஸ்மித் ஒருவரே, அவரைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். பெயர் அவருடைய குரலில் இருந்தது உண்மை. ஆனால் 1979 முதல் 1998 வரை அங்கே பேஸ் வாசித்த ஸ்டீவ் ஹான்லியின் தடித்த, விடாப்பிடியான ஒலியை உற்றுக் கேட்டவர்களுக்கு, அந்தக் காலத்துப் பாடல்கள் எதன்மேல் நின்றன என்பது தெரியும். 1998இல் நியூயார்க் மேடையில் நடந்த கைகலப்புக்குப் பிறகு அவர் விலகினார். அதன்பின் வந்த ஆல்பங்களில் நல்லவை இருக்கின்றன, ஆனால் அடித்தளம் வேறு. ஆகவே உங்கள் முன்னாள் பேஸ் கலைஞரின் இழப்பைப் பாடகரின் இழப்பைவிடச் சிறியதாக எண்ணிவிடாதீர்கள். பழைய பாடல்களைப் புதியவர் எப்படி வாசிக்கிறார் என்பதை ஒத்திகையில் கவனித்துக் கேளுங்கள்; ரசிகர்கள் உணரும் அந்நியம் ஒருவேளை அங்கேதான் இருக்கிறது.

இனி அடுத்த கேள்வி. இண்டி என்ற அடையாளம் ஒலியிலிருந்து பிறந்ததில்லை. பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. அதைப் பார்த்துப் பலர் துணிந்தார்கள். பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி விற்பனைப் பட்டியல் தொடங்கப்பட்டபோது அதில் இடம்பெற இருந்த தகுதி, பெரிய நிறுவனங்களின் விநியோக வலைக்கு வெளியே தட்டு கடைகளைச் சென்றடைய வேண்டும் என்பதே. கிட்டார் இருக்கிறதா, பாடகர் சோகமாகப் பாடுகிறாரா என்று எவரும் கேட்கவில்லை. அதனால்தான் 1980களின் இறுதியில், பி.டபிள்யூ.எல். என்ற தனி நிறுவனம் வெளியிட்ட கைலி மினோக்கின் நடனப் பாடல்களும் அந்தப் பட்டியலில் ஏறின. என்.எம்.இ. என்ற பிரிட்டிஷ் இசை இதழ் 1986இல் கிட்டார் குழுக்களின் 22 பாடல்களோடு ஒரு கேசட்டை வெளியிட்டது. மெல்லிய, கலகலக்கும் கிட்டார் ஒலிதான் இண்டி என்ற எண்ணம் அதன் பிறகே வேரூன்றியது.

இந்த வரலாற்றின்படி பார்த்தால், சொந்தப் பணத்தில் ஒலிப்பதிவு செய்து, சொந்தமாக வெளியிடும் நீங்கள் உறுமியோடும் இண்டிதான். உறுமி வந்தவுடன் அடையாளத்தைப் பறித்துக்கொள்ளும் ஏற்பாட்டாளர், கிட்டாரைப் பொதுவானது என்றும் உறுமியை ஓர் இனத்துக்கு உரியது என்றும் பிரிக்கிறார். இதே பிரிவினைதான் 2015இன் இறுதியில் மலேசிய இசைத்துறையின் அனுகரா இண்டஸ்ட்ரி மியூசிக் விருதுகளில் பாடல்களை மொழிவாரியாகப் பிரித்தபோது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஏற்பாட்டாளர்கள் விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. எனக்கு இது மிகவும் முக்கியமான விஷயம். நம் பிள்ளைகள் ராக் வாசித்தால் அது ராக்காகவே மதிக்கப்பட வேண்டும்.

வழக்கறிஞர், ஜாலான் ஈப்போ:

சட்டக் கோணத்திலிருந்து சில வரிகள். கிள்ளான் நண்பர் குறிப்பிட்ட நியூ ஆர்டரே பின்னாளில் பெயர்த் தகராறில் சிக்கியது: 2007இல் விலகிய பீட்டர் ஹூக்குக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வழக்கு 2017இல்தான் சமரசத்தில் முடிந்தது. புதிய பெயர் வைப்பதால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது என்பதற்கு அது சான்று.

எழுத்துப்பூர்வ உடன்பாடு இல்லாத குழுவைப் பங்காளிகளின் கூட்டு வணிகமாக நீதிமன்றம் கருத வாய்ப்புண்டு. சாக்சன் என்ற ராக் குழுவின் வழக்கில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2003இல் அவ்வாறே பார்த்தது. பெயரும் நற்பெயரும் கூட்டாண்மையின் சொத்து, விலகிய உறுப்பினர் அதைத் தனக்கென எடுத்துச் செல்ல முடியாது என்று கூறியது. நம் நாட்டில் கூட்டாண்மைச் சட்டம் 1961 இருக்கிறது. எனவே இப்போது நல்லுறவு நீடிக்கும்போதே, விலகிய இருவரும் பெயரின் பயன்பாட்டை உங்களிடம் விட்டுத்தருவதாக ஒரு பக்கக் கடிதத்தில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில், வணிகச்சின்னச் சட்டம் 2019இன்கீழ், பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் பதிவு செய்யலாம். பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம்.

பெயர் உங்களிடம் இருந்தாலும் பாடல்கள் எழுதியவருக்கே உரியவை. பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி அந்த உரிமை அவருடைய வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். பழைய பாடல்களை உறுமியோடு மறுபதிவு செய்வதற்கு முன் அவருடைய ஒப்புதலைத் தனியாகப் பெறுங்கள்.

செந்தூல் கிட்டார்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் சொன்னபடி பழைய பதிவையும் அண்மை ஒத்திகையின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டோம். பேஸ் விஷயத்தில் அவர் சொன்னது முற்றிலும் சரி. பழையவர் டிரம்ஸுக்குச் சற்றுப் பின்தங்கி இழுத்து வாசிப்பார். புதியவர் துல்லியமாக அதன்மேலேயே விழுகிறார். புதியவரைப் பழையவராக மாற்ற முயலாமல், அவருடைய வாசிப்புக்குப் பொருந்தாத பழைய பாடல்களை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டோம். கிள்ளான் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பெயரை மாற்றவில்லை, ஆனால் நிகழ்ச்சியின் பெரும்பகுதி புதிய பாடல்களாகவே இருக்கும், பழையவற்றைப் பாடும்போது எழுதியவரின் பெயரை மேடையில் சொல்வோம்.

ஏற்பாட்டாளரிடம் பேசி, சுவரொட்டியில் ‘இண்டி ராக்’ என்று அச்சிட்டு, அதன்கீழ் ‘கிட்டார், பேஸ், டிரம்ஸ், உறுமி; தமிழ்ப் பாடல்கள்’ என்று சேர்க்க இசைவு பெற்றிருக்கிறோம். பதிவை இணையத்தில் வெளியிடும்போது முதன்மை வகை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அங்கும் இண்டி ராக் என்றே தருவோம்.

வழக்கறிஞர் அக்காவிடம் ஒரு கேள்வி: உறுமி வாசிக்கும் தம்பிக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை. புதிய உடன்பாட்டில் அவரையும் சேர்க்கலாமா?

வழக்கறிஞர், ஜாலான் ஈப்போ:

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லுபடியாகாது என்பதால், உடன்பாட்டில் அவரைக் கையொப்பமிடச் செய்யாதீர்கள். வயது நிறைந்தவுடன் சேர்த்துக்கொள்வதாக ஒரு வரி எழுதி, அதுவரை அவருக்குரிய வருமானப் பங்கைப் பெற்றோரிடம் கொடுத்து ரசீது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படைப்புரிமைக்கு வயது வரம்பு கிடையாது. புதிய பாடல்களின் மெட்டமைப்பில் அவருக்குப் பங்கு இருந்தால், எந்தப் பாடலில் எவ்வளவு பங்கு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுதி, இசையமைத்தவர்களின் பெயர்களில் அவருடைய பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.