வெலோ-டாக் ரிவால்வர்: நாய்க்காகவா, வியாபாரத்துக்காகவா?

சக்கரக்காரன்:
பழைய துப்பாக்கி ஏலங்களில் ‘வெலோ-டாக்’ என்று ஒரு குட்டி ரிவால்வர் அடிக்கடி கண்ணில் படும். பாரிஸின் கலான் நிறுவனம் 1894 வாக்கில் கொண்டுவந்தது. சைக்கிளில் போகிறவர்கள் துரத்தும் நாய்களைச் சமாளிக்க என்று சொல்லி விற்றார்கள். என்னைக் கேட்டால் நாய் ஒரு சாக்கு. இன்றைய சைக்கிள் வடிவத்தின் முன்னோடியான ரோவர் சைக்கிள் 1885-இல் வந்தது, டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888-இல் வந்தது. அப்புறம் ஐரோப்பாவே சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தது. அந்த மோகத்தில் ஒட்டிக்கொண்டு விற்ற சரக்கு இது. ஒரு கை ஹேண்டில்பாரில் இருக்க, கணுக்காலைக் கவ்வ வரும் நாயை மறு கையால் குறிபார்த்துச் சுட்டால் சொந்தப் பாதத்தில்தான் படும்.

இரும்புக்கடை:
ஓடும் சைக்கிளிலிருந்துதான் சுட வேண்டும் என்று யார் சொன்னது? இறங்கி, சைக்கிளைக் குறுக்கே வைத்துக்கொண்டும் சுடலாம். நீங்கள் அந்தக் காலத்துப் பயத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் முதல் வெறிநாய்க்கடி ஊசியைச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குப் போட்டது 1885 ஜூலை 6 அன்று. பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது 1888-இல். கிராமத்து ரோட்டில் கடிபட்டவன் பாரிஸுக்கு ஓடி, நாள் கணக்கில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் முற்றிவிட்டால் இன்றைக்கும் பிழைப்பது அபூர்வம். அந்தப் பயத்தைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

துப்பாக்கியின் அமைப்பையும் பாருங்கள். சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாமல் இருக்கப் பலவற்றில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலை உள்ளே மறைத்திருப்பார்கள். விசைக்குக் காப்பு வளையம் கிடையாது, பல மாடல்களில் விசையே மடங்கிக்கொள்ளும். 5.75 மி.மீ. தோட்டா, பலம் இன்றைய பாயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டா அளவுதான். மனிதச் சண்டைக்கு இதை யார் நம்புவார்கள்?

சக்கரக்காரன்:
சரி, பாயிண்ட் 22 பலத்தில் வெறிபிடித்த நாய் அந்த இடத்திலேயே விழுந்துவிடுமா? நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். மிளகாய்த்தூள் அடைத்த தோட்டாவும் மெழுகுக் குண்டும்கூட விற்றிருக்கிறார்கள். வெறிநாய்தான் பயம் என்றால் மிளகாய்த்தூள் எதற்கு?

தெருநாய்த்தோழி:
வழியில் வருகிற எல்லா நாய்க்கும் வெறியா பிடித்திருக்கும்? பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியின் காவல் நாயாக இருக்கும். அதைக் கொன்றுபோட்டால் அடுத்த நிமிடம் அவன் தடியோடு வருவான். காயம் படாமல் விரட்டத்தான் மிளகாய்த்தூள். பயத்தை மட்டும் விற்கிறவனுக்கு இந்த யோசனை வராது, நிஜமாகவே நாயோடு மல்லுக்கட்டினவர்கள் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் அம்மோனியாவைப் பீய்ச்சும் கைத்துப்பாக்கிகளைச் சைக்கிள்காரர்களுக்கு விற்றார்கள். சுட்டே ஆக வேண்டும் என்ற வெறி எல்லோருக்கும் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி!

ராத்திரிப்பயணி:
மனிதர்களை மறந்துவிட்டீர்களே. 1904 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் செயின்ட் எட்டியென் பக்கம் இருட்டில் ஒரு கூட்டம் மறித்தது. உள்ளூர் வீரர் ஃபோரை முன்னே விட்டுவிட்டு, பின்னால் வந்த மோரிஸ் காரெனையும் மற்றவர்களையும் அடித்தார்கள். போட்டி நடத்தியவர்கள் துப்பாக்கியால் சுட்டுத்தான் கூட்டத்தைக் கலைத்தார்கள். ராத்திரியில் சைக்கிளில் போகிறவனுக்கு நாயா பெரிய கவலை?

இரும்புக்கடை:
அண்ணே, அங்கே சுட்டது போட்டி அதிகாரிகள், சைக்கிள்காரர்கள் இல்லை. அந்தச் சம்பவத்தை வெலோ-டாக் கணக்கில் எழுதாதீர்கள்.

சக்கரக்காரன்:
ஆனால் செயின்ட் எட்டியென் என்ற ஊர்ப்பெயர் வந்தது நல்லது. துப்பாக்கியும் சைக்கிளும் ஒரே கம்பெனியில் செய்த ஊர் அது. அங்கிருந்த மானுஃப்ரான்ஸ் கம்பெனி தன் விற்பனைப் பட்டியலில் இரண்டையும் விற்றது. அமெரிக்காவில் ஐவர் ஜான்சன் கம்பெனியும் அப்படித்தான். நம் ஊரில் ஓடுகிற பிஎஸ்ஏ சைக்கிளின் மூலமே பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனி, அதன் பழைய சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து வைத்திருக்கும். சைக்கிள் வாங்க வந்தவனிடம் ரிவால்வரையும் தள்ளிவிடுவது இவர்களுக்குப் பெரிய வேலையா?

தெருநாய்த்தோழி:
கடைக்காரர் தள்ளிவிட்டார் என்பதால் வாங்கினவனுக்குத் தேவை இல்லை என்று ஆகிவிடாது.

சக்கரக்காரன்:
மிளகாய்த்தூள் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் 1905-இல் பெல்ஜியத்தின் எஃப்என் கம்பெனி, துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங்கின் 6.35 மி.மீ. குட்டிப் பிஸ்டலை இறக்கியதும் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. வெலோ-டாக் வகைகளையே 6.35 தோட்டாவுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். நாய்தான் காரணம் என்றால் இந்த மாற்றம் ஏன்?

இரும்புக்கடை:
6.35 தோட்டா நாய் மேல் படாதா என்ன? அந்தப் பிஸ்டல் தட்டையானது, ரிவால்வர் மாதிரி தோட்டா உருளை துருத்தாது, தோட்டா அடைக்கும் மேகசினில் ஆறு குண்டு. பைக்கு எது வசதியோ அதை வாங்கினார்கள். வாங்கினவன் யாருக்குப் பயந்தான் என்பது இதிலிருந்து தெரியவே தெரியாது. வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், பேசலாம்.