புதுப்பிப்பு: வீணைக்கும் குரலுக்கும் ஆம்ப் வாங்கியாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: கோயில் மண்டபம், பிளக் பாயின்ட் கிடையாது, ஒரு வீணை, ஒரு குரல், ஐம்பது அறுபது பேர், எந்த ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) எடுக்கலாம் என்று. 8 ஏஏ செல்லில் ஓடும் ரோலண்ட் ஏசி-33, சார்ஜ் செய்துகொள்ளும் போஸ் எஸ்1 ப்ரோ, இரண்டுக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருந்தேன். எஸ்1 ப்ரோவையே எடுத்தேன். ஏழு கிலோ சொச்சம், ஆட்டோவில் காலடியில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் ஆம்ப்பை என் முதுகுக்குப் பின்னால் வைத்தது தப்பு. மந்திர ஸ்தாயியை, அதாவது கீழ்ச் சுரங்களைத் தொட்டதுமே வீணையின் குடம் அதிர்ந்து ஊளையிட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் எங்களுக்கு முன்னால், இடது ஓரமாக, சபையைப் பார்த்து நகர்த்தி, வீணைச் சேனலில் பேஸைக் குறைத்தேன். ஊளை நின்றது. பாடும் மைக்குக்கும் இதே கணக்குதான்: என் எஸ்எம்58 மைக் பின்பக்கச் சத்தத்தை அவ்வளவாக வாங்காது, அதனால் ஸ்பீக்கர் அதன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

கண்டென்சர் மைக் சொன்னவர்களுக்கு: எஸ்1 ப்ரோவில் ஃபேன்டம் பவர் (அந்த மைக்குக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) இல்லை, அதற்கான கருவியைத் தனியாக வாங்க வேண்டும். அதனால் விட்டுவிட்டேன்.

ரொம்ப நேரம் போனது பிக்கப் (வீணையின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் சின்னக் கருவி) ஒட்டும் இடத்துக்குத்தான். குதிரையை (தந்திகளைத் தாங்கும் கட்டை) ஒட்டி வைத்தால் நகம் படும் சத்தம் தூக்கலாக வந்தது. இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டிய பிறகு தோடி ராகத்தில் காந்தார சுரத்தின் அசைவு கடைசி வரிசை வரை கேட்டதாம். எனக்கு அது போதும். இரண்டரை மணி நேரம் வாசித்தும் பேட்டரி மீதி இருந்தது.