மும்பை வாடகை வீடு, மூன்று டிவி, ஒரே டிஷ்

மும்பையில் வீடு பார்க்கும்போது தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஸ்டேஷனுக்கு எவ்வளவு நடை என்றெல்லாம் கேட்போம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கப் போகிறார்கள் என்றால் அவர்கள் டிவிக்கு வைக்கப்போகும் டிஷ்ஷுக்காக இன்னொன்றையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். தென்கிழக்கு வானம் எந்த ஜன்னலில் தெரிகிறது?

நான் பார்க்கவில்லை. செம்பூரில் எனக்குக் கிடைத்த முதல் வீட்டில் எல்லா ஜன்னல்களும் மேற்கே பார்த்தவை. காற்று நன்றாக வரும், சிக்னல் வராது. டிடிஎச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. மும்பை இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 73 டிகிரியில். டாட்டா பிளே 83 டிகிரியில், டிடி ஃப்ரீ டிஷ் 93.5-இல், சன் டைரக்ட் அதை ஒட்டியே, ஏர்டெல் 108-இல். எல்லாமே நமக்குக் கிழக்கே தள்ளித்தான். 83 டிகிரி செயற்கைக்கோள் தெற்கே சற்றுக் கிழக்காக, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 65 டிகிரி உயரத்தில் இருக்கும். 93.5 என்றால் சரியான தென்கிழக்கு, 57 டிகிரி. 108 இன்னும் கிழக்கே போய் 44 டிகிரிக்கு இறங்கிவிடும். எதிரே இருபது மாடி டவர் நின்றால் இந்த வித்தியாசம்தான் எந்தக் கம்பெனி என்பதை முடிவு செய்யும், விளம்பரம் இல்லை.

ஒரு வழி சொல்கிறேன். மார்ச் நடுவிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வீடு பார்க்கப் போனால், பகல் 11, 12 மணி வாக்கில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 83-க்கும் 93-க்கும் நடுவே உள்ள கோள்கள் அந்த இடத்தில்தான். அந்த நேரத்து வெயில் ஜன்னலில் விழுந்தால் டிஷ் வைக்கலாம். அதே நாட்களில் சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருவதால் சில நிமிடம் படம் போகும். பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், தானாக வந்துவிடும்.

சரி, இனி பல அறை விஷயம். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எங்கள் இரண்டாவது வீட்டில் ஹாலில் அம்மாவின் சீரியல், உள் அறையில் அப்பாவின் செய்தி, டிவிக்கு ஒரு செட்டாப் பெட்டி. எலக்ட்ரீஷியன் வந்தார், "ஹோ ஜாயேகா சாப்" (ஆகிவிடும் சார்) என்றார், கேபிளை நடுவில் வெட்டி ஒரு சின்ன ஸ்பிளிட்டரை மாட்டினார். இரண்டு டிவியிலும் படம் வந்தது, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அப்பா சேனல் மாற்றினார், ஹாலில் சீரியல் "நோ சிக்னல்" ஆனது. அப்பா பழைய சேனலுக்கு வந்ததும் சீரியலும் திரும்ப வந்தது. அப்பா வேண்டுமென்றே செய்கிறார் என்று அம்மா இரண்டு நாள் நம்பினார்.

தப்பு அப்பா மேல் இல்லை. கோளிலிருந்து வரும் அலைகள் கிடையாக ஒரு கூட்டம், செங்குத்தாக ஒரு கூட்டம் என இரண்டாக வருகின்றன. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, ஒரு வாய் வழியாக ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைத்தான் கீழே அனுப்பும். எது வேண்டும் என்பதைப் பெட்டி கேபிள் வழியே வோல்டேஜால் சொல்கிறது: 13 என்றால் செங்குத்து, 18 என்றால் கிடை. 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை அனுப்பி மேல் பட்டையா கீழ்ப் பட்டையா என்று கேட்பதும் உண்டு. ஒரே கம்பியில் இரண்டு பெட்டிகள் வேறு வேறாகக் கேட்டால், 18 கேட்கும் பெட்டி ஜெயித்துவிடும். மற்ற அறையில் கறுப்புத் திரை.

ஆகவே ஸ்பிளிட்டர் வேண்டாம். டிஷ் ஒன்றே போதும், எல்என்பியை மாற்றுங்கள். இரண்டு அறைக்கு இரண்டு வாய் உள்ள ட்வின், நான்கு வரை நான்கு வாய் உள்ள குவாட். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு பெட்டிக்கு நடுவில் ஒட்டு இல்லாமல் தனி ஆர்ஜி-6 (டிஷ்ஷுக்குப் போடும் வகை) கேபிள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பெட்டிகளில் சேனலைப் பிடிக்கும் ட்யூனர் இரண்டு இருக்கும். அதற்குப் பொதுவாக இரண்டு கேபிள் வேண்டும். எட்டுப் பத்து வீட்டுக்குச் சேர்த்து என்றால் குவாட்ரோ என்ற வேறு வகை எல்என்பியும், அதன் சிக்னலைப் பல பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மல்டிஸ்விட்சும். அது நம் வேலை இல்லை, சொசைட்டி (குடியிருப்புச் சங்கம்) வேலை. புது டவர்களில் மொட்டை மாடியில் பொது டிஷ் வைத்து வீடு வீடாக இணைப்பு இழுத்திருப்பார்கள். செயலாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள். ஜன்னலுக்கு வெளியே டிஷ் தொங்கக் கூடாது என்ற விதி இருந்தாலும் அவரிடமே தெரிந்துவிடும்.

அடுப்படியில் நின்றுகொண்டும் அதே சீரியலைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால் இவ்வளவும் அநாவசியம். ஹாலில் இருக்கும் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வைத்து இன்னொரு சின்னத் திரைக்கு இழுத்தால் போதும், இரண்டிலும் ஒரே படம் ஓடும். இந்த ஸ்பிளிட்டர் வேறு, அந்த ஸ்பிளிட்டர் வேறு. பிள்ளைகளுக்கு மூன்றாவது பெட்டி வாங்காதீர்கள். அவர்கள் வைஃபையில் பார்த்துக்கொள்வார்கள், டிடிஎச்சைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மாதச் செலவு. இரண்டாவது பெட்டியைத் தனிக் கணக்காக வாங்காமல், அதே பெயரில், அதே முகவரியில் மல்டி டிவி இணைப்பாகக் கேளுங்கள். 200 சேனல் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, இரண்டாவது டிவிக்கு அதில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் வைத்தது. 2024-இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் சலுகை எவ்வளவு என்பதைக் கம்பெனியிடமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஊரில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் பெட்டியையும் ரிமோட்டையும் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்துவிடுங்கள். கோளின் வீச்சு நாடு முழுக்க உண்டு; முகவரியை மட்டும் மாற்றச் சொன்னால் சரி. டிஷ்ஷைச் சுமந்து வராதீர்கள், ரயிலில் நசுங்கினால் உதவாது. ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு ஓடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் படம் போகும். இந்த அலைவரிசையை மழைத்துளி விழுங்கிவிடுகிறது. டிஷ் பார்ப்பது தென்கிழக்கே என்பதால், நம் தலைக்கு மேல் தூறல் நின்ற பிறகும் அந்தப் பக்கத்து மேகம் கொட்டிக்கொண்டிருந்தால் படம் வராது. கொஞ்சம் பெரிய டிஷ் என்றால் தாக்குப்பிடிக்கும். ஆனால் மழை இல்லாத நாளிலும் படம் துண்டு துண்டாக வந்தால் கோளைத் திட்டாதீர்கள், கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கடல் காற்றில் அது துருப்பிடித்திருக்கும், அல்லது உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும். எல்என்பியில் சேரும் இடத்தில் ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவர் வழியாக டிவிக்கு வராது.

சுவரைத் துளைக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போட்டு வையுங்கள். லீவ் அண்ட் லைசென்ஸ் என்கிற வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம்தான், டெபாசிட் அவர் கையில் இருக்கிறது. நான் இரண்டாவது வீட்டில் துளையே போடாமல், டிஷ்ஷை ஜன்னல் கம்பி வலையில் கிளாம்ப் வைத்து இறுக்கி, கேபிள்களை ஏசி குழாய் போகும் ஓட்டை வழியாகவே இழுத்தேன். காலி செய்த அன்று ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு அரை மணியில் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. குவாட் எல்என்பி இப்போது முலுண்ட் வீட்டில் ஓடுகிறது.