மரீன் மாமா பென்ஷன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நிரவி சொந்தங்களுக்கு ஒரு கடுதாசி

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் கோயில் திருப்பணி வசூல் பேச்சு ஓடிட்டிருந்தப்ப நம்ம குழுவுல ஒரு தம்பி எழுதியிருந்தாரு, பிரெஞ்சு பென்ஷன்காரங்க வீட்டுல பணத்துக்கு என்ன குறைச்சல், உக்காந்த இடத்துக்கு மாசாமாசம் யூரோ வருது, பாதிய அவங்களே ஏத்துக்கட்டுமேன்னு. அதுக்கு நாலஞ்சு பேரு ஆமா ஆமான்னு பதில் போட்டிருந்தாங்க. தம்பி மேல எனக்கு கோவம் இல்ல, வெயில்ல நின்னு சம்பாதிக்கிற பிள்ளை, ஆனா அந்த ஒரு வரி படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. காரைக்கால் பக்கம் நம்ம நிரவியில மரீன் மாமாவ (பிரெஞ்சு கடல்படையில இருந்ததால அந்தப் பேரு) தெரியாதவங்க கிடையாது, அதாவது அவரோட மாடி வீடு தெரியும், லீவுல வர்றப்ப கொண்டாந்து குடுக்கிற சென்ட் பாட்டில் தெரியும், மாங்கனி திருவிழாவுக்கு கூடை கூடையா மாம்பழம் வாங்கி இறைச்சது தெரியும். என்ன வேலை பார்த்தாருன்னு கேட்டா கப்பல்ல இருந்தாரு அப்புறம் போலீசுன்னு அதோட முடிச்சிடுவாங்க.

நாங்க இருக்கிறது இந்துமகா சமுத்திரத்துல ரெயூனியன்ங்கிற பிரெஞ்சு தீவு, நான் சேன்-தெனியில, மாமா வீடு சேன்-ஆந்த்ரேல. இப்ப அவருக்கு 81 வயசு, மூத்திரப்பைல கேன்சர் வந்து வைத்தியம் நடக்குது. அது சம்பந்தமா ஒரு விண்ணப்பம் போடணும், அதுக்கு அவரோட சர்வீஸ் முழுக்க தேதிவாரியா எழுதித் தரணும்னாங்க, பக்கத்துல உக்காந்து எழுதினது நான்தான். அவர்கிட்ட கேட்டுட்டுதான் இதை இங்க போடறேன், பேர் மட்டும் போடாத தாயின்னாரு.

மாமாவோட அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துக்காரரு, இந்தோசீனாவுல (வியட்நாம் பக்கம்) இருந்துட்டு வந்தவரு. 1954 நவம்பர் 1ம் தேதி பாண்டி காரைக்கால் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துட்டாலும் சட்டப்படி கைமாறினது 1962 ஆகஸ்ட் 16லதான், நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு இது தெரியல. அன்னையிலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தவங்களுக்கு பிரெஞ்சு குடியுரிமை தங்குச்சு, மத்தவங்க தானா இந்தியர் ஆயிட்டாங்க. எழுதிக் குடுத்தது எல்லா ஊரும் சேர்த்து சுமார் 5,000 பேருதான். மாமாவோட அப்பா எழுதிக் குடுத்தாரு, அவரோட அண்ணன் மாட்டேன்னுட்டாரு, நெல்லு விளையற பூமி இங்க இருக்கு நான் எதுக்குடா எந்த ஊரு பேப்பர்லயோ கையெழுத்து போடணும்னு. அதுலேர்ந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்னுது, நல்லது கெட்டதுக்குக்கூட வாசப்படி மிதிக்கல, அந்த அண்ணன் செத்துப்போன காரியத்துக்குத்தான் மறுபடி சேர்ந்தாங்க. பென்ஷன் பென்ஷன்னு பேசறப்ப இந்தக் கணக்கையும் யாராவது சேர்த்துக்கணும்.

மத்த பசங்க எல்லாம் தரைப்படைக்கு எழுத, மாமா மட்டும் 1963ல கடல்படைக்கு எழுதினாரு, வயசு 19, அரசலாத்துல வெள்ளம் வர்றப்ப நீச்சல் அடிச்ச தைரியம். வெள்ளை சட்டை, உச்சியில சிவப்பு குஞ்சம் வச்ச தொப்பி, பின்னாடி நீலக் கடல்னு ஒரு போட்டோ கூடத்துல மாட்டியிருக்குமே, அதைப் பார்த்துட்டு நானும் சின்ன வயசுல மாமா கப்பல் மேல காத்து வாங்கிட்டு போறாருன்னுதான் நினைச்சிருந்தேன். அவர் வேலை பார்த்தது மேல இல்ல, அடியில, இன்ஜின் ரூம்ல. ஸ்டீம்ல ஓடற கப்பல். நாலு மணி நேரம் ஒரு ட்யூட்டி, சூடு நாப்பத்தஞ்சு டிகிரிக்கு கீழ இறங்காது, உப்பு மாத்திரை குடுப்பாங்களாம் மயக்கம் வராம இருக்க. வலது முன்னங்கைல ஒரு ஜான் நீளத்துக்கு தோல் வழவழன்னு மயிரே இல்லாம இருக்கும், ஸ்டீம் பைப்புல பட்டது. காது ஒண்ணு பாதிதான் கேக்கும், ஆனா இன்னைக்கும் அத்தை அடுக்களைல மிக்ஸி போட்டா ஹால்ல இருந்துகிட்டே பேரிங் போகுது மாத்துங்கம்பாரு, ரெண்டு வாரத்துல அது நிக்கும்.

1968 ஜனவரி 27ம் தேதி தெற்கு பிரான்ஸ்ல தூலோன் கடல்படைத் துறைமுகம் பக்கத்துல மினெர்வ்னு ஒரு நீர்மூழ்கி 52 பேரோட காணாமப் போச்சு. மாமா அப்ப அந்தத் துறைமுகத்துலதான் இருந்தாரு, அதுல போனவங்கள்ல ஒருத்தன் கேன்டீன்ல கூட உக்காந்து சாப்பிடறவன். 2019 ஜூலைலதான் அதை ரெண்டாயிரம் மீட்டருக்கும் கீழ கண்டுபிடிச்சாங்க. டிவில நியூஸ் வந்தப்ப மாமா அந்தப் பையனுக்கு தேங்கா உடைச்சு சூடம் ஏத்தினாருன்னு அத்தை சொன்னாங்க.

அந்த 1968லதான் கிளெமான்சோ விமானந்தாங்கிக் கப்பல்ல பசிபிக் போனது. தம்பி, நீங்க இந்த இடத்த கொஞ்சம் நிதானமா படிக்கணும். பிரான்ஸ் 1966 ஜூலை 2லேர்ந்து 1996 வரைக்கும் பசிபிக்ல பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மொருரோவா, ஃபங்கதௌஃபா தீவுகள்ல 193 அணுகுண்டு வெடிச்சு பார்த்துச்சு, முதல் எட்டு வருஷம் திறந்த வெளியில. 1968 ஆகஸ்ட் 24ல ஃபங்கதௌஃபால வெடிச்சதுதான் அவங்களோட முதல் ஹைட்ரஜன் குண்டு, 2.6 மெகாடன், ஹிரோஷிமால போட்டதவிட நூத்தி எழுபது மடங்கு கிட்ட வரும். மேல் தளத்துல இருந்தவங்கள முதுகைக் காட்டி கண்ணை மூடி உக்காரச் சொன்னாங்களாம். மாமா கீழ இன்ஜின் ரூம்ல, அவருக்கு வெளிச்சமும் தெரியல ஒண்ணும் தெரியல, கொஞ்ச நேரம் கழிச்சு கப்பலே ஒரு தரம் அதிர்ந்துச்சாம் அவ்வளவுதான்.

வேலை அப்புறம்தான் வந்துச்சு. கப்பல்ல குடிக்க குளிக்க எல்லாத்துக்கும் கடல் தண்ணிய காய்ச்சி நல்ல தண்ணி ஆக்குற மெஷின் இருக்கும், அதுல உப்பும் சுண்ணாம்பும் படிஞ்சு கல்லா இறுகிடும், இன்ஜின் ரூம் பசங்கதான் உள்ள கைய விட்டு சுரண்டி எடுக்கணும். கடல் தண்ணி உள்ள வர்ற ஃபில்டரையும் கழட்டி கழுவணும். அந்தத் தண்ணி எந்தக் கடல்லேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சு பாருங்க. கிளவுஸ் இல்ல, முகமூடி இல்ல, அரை டவுசரும் செருப்பும்தான். மாமா இதை சொல்றப்ப குறையா சொல்லல, அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல எங்களுக்கும் கேக்கத் தோணலன்னு சொல்லிட்டு கையத் திருப்பித் திருப்பி பார்த்துகிட்டாரு.

அந்தக் கப்பல நம்ம ஆளுங்களுக்கும் ஞாபகம் இருக்கணும், குஜராத் அலங்ல உடைக்கறதுக்குன்னு 2005 கடைசில பிரான்ஸ்லேர்ந்து இழுத்துட்டு கிளம்பி, உள்ள ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு பெரிய தகராறு ஆகி, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 2006 பிப்ரவரில திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்களே அதேதான். கடைசில இங்கிலாந்துல உடைச்சாங்க. உடைக்கிற கூலியாளுக்கு ஆகாதுன்னு ஊரே எந்திரிச்சு நின்னது ரொம்ப சரி. அதே ஆஸ்பெஸ்டாஸ் சுத்தின பைப்புக்கு நடுவுல வருஷக்கணக்கா படுத்து எந்திரிச்சவங்க இருக்காங்க, அதுல ஒருத்தர் நிரவிக்காரருன்னு அப்ப நமக்கு யாருக்கும் தோணல.

எழுபதுகள்ல மடகாஸ்கர் தியேகோ-சுவாரேஸ் தளத்தை பிரான்ஸ் காலி பண்ணிட்டு ரெயூனியன்ல லெ போர் துறைமுகத்துக்கு மாறுனப்ப மாமாவும் இங்க வந்தாரு. அத்தைய பார்த்தது அப்பதான். அத்தை இங்கயே பொறந்தவங்க, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்த வம்சம், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, பேசறது கிரியோல், இந்தத் தீவுப் பாஷை. ஆனா தீமிதிக்கு 18 நாள் விரதம் இருந்து நெருப்புல இறங்குவாங்க, நம்ம ஊர்ல அவ்வளவு சுத்தபத்தமா இருக்கிறவங்கள நான் பார்த்ததில்ல. கோயில்ல பழைய தமிழ் புஸ்தகத்த எழுத்துக்கூட்டி பாடுவாங்க, அர்த்தம் தெரியாது, மாமா சனிக்கிழமை சனிக்கிழமை போயி வரி வரியா அர்த்தம் சொல்லிக் குடுத்தாரு. இங்க அவரை நிறைய பேருக்கு அந்த வாத்தியாராத்தான் தெரியும், போலீசாவே தெரியாது.

1979ல கடல்படைய விட்டு போலீசுல சேர்ந்தாரு. இந்தத் தீவு ஆளா இருந்தாலும் முதல் போஸ்டிங் பாரிஸ் பக்கம்தான் போடுவாங்க, ஊருக்கு மாத்தல் கிடைக்க வருஷக்கணக்கா காத்துக் கிடக்கணும், இன்னைக்கும் அப்படித்தான். அத்தை கைப்பிள்ளையோட இங்க, அவர் அங்க. 1980 ஜனவரில இயாசேந்த் புயல் வந்துச்சு, மலை மேல கொமெர்சோன்ங்கிற இடத்துல 15 நாள்ல 6,083 மில்லிமீட்டர் மழை, உலக ரெக்கார்டு, 25 பேர் செத்தாங்க. பாரிஸ்ல ட்யூட்டி பார்த்துகிட்டு பொண்டாட்டி பிள்ளை உசுரோட இருக்கான்னு தெரியாம கிடந்தாரு, போனே கிடைக்கல. அத்தை அதை இன்னும் மன்னிக்கலன்னுதான் எனக்குப் படுது. பெரிய பையனும் அப்பா கூட ஒட்டாமலே வளர்ந்துட்டான், அது இப்பவும் சரியாகல.

மாத்தல் கிடைச்சு இங்க வந்தப்புறம் பார்த்த பெரிய கலவரம்னா 1991 பிப்ரவரி, சேன்-தெனியில ஷோத்ரோன்ங்கிற பகுதியில நடந்தது. டெலி ஃப்ரீடம்னு ஒரு டிவி, லைசென்ஸ் இல்லன்னு அரசாங்கம் அதோட கருவிகள எடுத்துட்டு போச்சு, சனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. டிவி ஒரு சாக்குதான், அப்ப தீவுல வேலை பார்க்கிறவங்க, வேலை தேடறவங்க எல்லாம் சேர்த்து மூணுல ஒருத்தருக்கு மேல வேலை இல்லாம இருந்தாங்க. கடைங்கள உடைச்சாங்க, கொளுத்தினாங்க, எட்டு பேர் செத்துப் போனாங்க, எரியிற கடைக்குள்ள மாட்டினவங்களும் அதுல உண்டு. பிரான்ஸ்லேர்ந்து வந்த போலீசுக்கு கிரியோல் புரியாது. மாமா அத்தை கிட்ட கத்துகிட்ட கிரியோல்ல பேசுவாரு. கல்லோட நின்ன ஒரு பையன்கிட்ட உங்க அம்மா மார்க்கெட்ல மிளகா விக்கிறவங்கதானே, ராத்திரி யாரு அவங்கள வீட்டுக்கு கூட்டிட்டு போவாங்கன்னு கேட்டாராம், அவன் கல்ல கீழ போட்டுட்டு போனானாம். மறுநாள் எரிஞ்ச கடைக்குள்ளேர்ந்து உடம்புங்கள எடுத்தப்ப மாமாவும் போனாரு. அதைப் பத்தி நான் எழுதிக்கிட்டிருந்தப்ப போதும் அடுத்த வருஷத்துக்குப் போன்னுட்டாரு. 1999ல 55 வயசுல ரிட்டயர்.

இப்ப பென்ஷன். ரெயூனியன்ல இருக்கிற அரசு பென்ஷன்காரங்களுக்கு மேல ஒரு 35% சேர்த்து குடுத்தாங்க, அது உண்மை. 2008 டிசம்பர் சட்டத்துக்கு அப்புறம் அதுக்கு உச்சவரம்பு போட்டு, புதுசா ரிட்டயர் ஆகிறவங்களுக்கு அதை குறைச்சிட்டே வர்றாங்க, 2028லேர்ந்து புதுசா யாருக்கும் கிடையாது. மாமா போனதுக்கப்புறம் அத்தைக்கு வரப்போறது அந்த பென்ஷன்ல பாதிதான். இதுல ஊருக்கு அவர் குடுக்காம இல்ல, பள்ளிக்கூடத்து சுவர், ரெண்டு பொண்ணுங்க காலேஜ் ஃபீஸ், பேர் வெளில சொல்லாம பண்ணினது எனக்குத் தெரியும். திருப்பணிக்கும் குடுப்பாரு. குடுத்துத்தான் ஆகணும்னு நாம வரி போடுறது நியாயம் இல்லன்னுதான் நான் சொல்றேன்.

நான் எழுத உக்காந்ததுக்கு இன்னொரு முக்கியமான காரணம் இருக்கு. 2010 ஜனவரி 5ம் தேதி சட்டம் ஒண்ணு இருக்கு, மொரேன் சட்டம்னு சொல்வாங்க, அணுகுண்டு சோதனையால நோய் வந்தவங்களுக்கு நஷ்டஈடு. 1966 ஜூலை 2லேர்ந்து 1998 டிசம்பர் 31க்குள்ள பிரெஞ்சு பாலினேசியாவுல இருந்திருக்கணும், வந்த நோய் அவங்க லிஸ்ட்ல இருக்கிற 23 கேன்சர்கள்ல ஒண்ணா இருக்கணும். அதுக்கு முன்னாடி சஹாரால வெடிச்சப்ப அல்ஜீரியால இருந்தவங்களுக்கும் இதே சட்டம்தான். இருந்த இடமும் காலமும், வந்த நோயும் பொருந்திட்டா குண்டாலதான் நோய் வந்துச்சுன்னு நாம நிரூபிக்க வேண்டியதில்ல, உங்க மேல பட்ட கதிர்வீச்சு வருஷத்துக்கு ஒரு மில்லிசீவெர்ட்டுக்கு (கதிர்வீச்ச அளக்கிற அலகு) கீழதான்னு காட்டறது அரசு தரப்போட பொறுப்பு. ஆள் இறந்துட்டாலும் பொண்டாட்டி பிள்ளைங்க போடலாம், ஆனா அதுக்கு கெடு தேதி இருக்கு, அதனால தள்ளிப் போடாதீங்க. நுரையீரல், குடல், இரைப்பை, மூத்திரப்பை, ரத்தப் புற்றுநோய் எல்லாம் லிஸ்ட்ல வருது.

மாமா ரொம்ப நாள் இதுக்கு ஒத்துக்கல. ஊர்ல ஏற்கனவே பென்ஷன்காரன்னு பேரு, இன்னும் காசுக்கு கை நீட்டறேன்னு சொல்லுவாங்கன்னு. அத்தைதான் கிரியோல்ல ரெண்டு சத்தம் போட்டு கையெழுத்து வாங்கினாங்க.

நம்ம நிரவி, பட்டினம், கோட்டுச்சேரி பக்கத்துலேர்ந்து அந்த வருஷங்கள்ல படையில இருந்தவங்க நிறைய. உங்க அப்பா, தாத்தா, பெரியப்பா யாராவது பசிபிக் போனதா வீட்ல பேசிக் கேட்டிருந்தீங்கன்னா பெட்டியத் திறந்து சர்வீஸ் புஸ்தகம் எடுங்க, கப்பல் பேரு அல்லது ரெஜிமென்ட் பேரு, போன தேதி, திரும்பின தேதி, டாக்டர் ரிப்போர்ட், இதை எல்லாம் போட்டோ பிடிச்சு எனக்கு தனி மடல்ல அனுப்புங்க, குழுவுல போடாதீங்க. சர்வீஸ் புஸ்தகம் தொலைஞ்சு போயிருந்தாலும் படைப் பதிவுலேர்ந்து நகல் கேட்டு வாங்கலாம், அந்த பிரெஞ்சு கடுதாசி நானே எழுதித் தர்றேன். ஊர்ல தனியா இருக்கிற சொல்தா வீட்டு அத்தைங்களுக்கு இந்த மடல் வராது, காரைக்கால்ல இருக்கிறவங்க யாராவது நேர்ல போயி சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

அன்புடன்
கடைத்தெரு டெய்லர் வீட்டு பெரிய பொண்ணு
சேன்-தெனி, ரெயூனியன்