ஈஸ்டருக்கு நாலு நாள் கோவில், ரெண்டு வீட்டு விருந்து, கையில ரெண்டு குட்டி: எதை விடுறது?

ரெண்டு குட்டி அம்மா:
பெரியவனுக்கு 3 வயசு, சின்னவளுக்கு 8 மாசம். போன வருஷம் நல்ல மருமகள்னு பேர் வாங்கணும்னு எல்லாத்துக்கும் போனோம், வியாழன் ராத்திரி பாதம் கழுவுற பூசை, வெள்ளி மத்தியானம் 3 மணி வழிபாடு, சனி ராத்திரி பாஸ்கா (ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடக்குற பூசை), ஞாயிறு மதியம் அவர் வீட்ல, சாயங்காலம் எங்க அம்மா வீட்ல. திங்கக்கிழமை பையனுக்கு காய்ச்சல், நான் பாத்ரூம் கதவை சாத்திட்டு உக்காந்து அழுதேன். இந்த வருஷம் ஒரே ஒரு பூசை, ஒரே ஒரு வீடுன்னு சொன்னேன், மாமியார் ரெண்டு நாளா முகம் குடுத்துப் பேசல. நான் கேட்டது தப்பா?

பழைய கொயர் குரல்:
தப்புன்னு சொல்ல மாட்டேன் கண்ணு, ஆனா இதுல எதை வெட்டுறோம்னு தெரிஞ்சு வெட்டணும். அந்த மூணு நாளும் தனித்தனி பூசை கிடையாது. வியாழன் ராத்திரி கடைசி ஆசீர்வாதம் குடுக்காமலே முடிப்பாங்க, வெள்ளிக்கிழமை மணி பாட்டு எதுவும் இல்லாம மௌனமா ஆரம்பிச்சு மௌனமாவே கலைவோம், அது போய் முடியுற இடம் சனி ராத்திரி. நடுவுல ஒண்ணை உருவுனா மத்தது தொங்கும். நாங்க நாலு பிள்ளையையும் இடுப்புல தூக்கிட்டுத்தான் போனோம், யாரும் செத்துடல.

தூக்கம் கெட்ட அப்பா:
அம்மா, கோபப்படாதீங்க, ஆனா திருச்சபையே கேக்காததை நீங்க கேக்கறீங்க. வியாழனும் வெள்ளியும் கடன் திருநாளே இல்ல, அதாவது கட்டாயம் கோவிலுக்குப் போகணும்ங்கற நாள் இல்ல. ஞாயிறு பூசைக்குப் போகணும்ங்கற கடமைக்கே கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2181-ம் பத்தியில விலக்கு இருக்கு, காரணத்துக்கு உதாரணமா சொல்றதே நோயும் கைக்குழந்தை பராமரிப்பும்தான். 7 வயசு முடியாத பிள்ளையை திருச்சபைச் சட்டம் கட்டுப்படுத்துறதே இல்ல. சனி ராத்திரி போயிட்டா ஞாயிறு கடமை முடிஞ்சுது, காலைல திரும்ப ஓட வேண்டாம். ஆனா பாஸ்கா இருட்டுன பிறகுதான் ஆரம்பிக்கணும், பழைய ஏற்பாட்டு வாசகம் மட்டும் 7, குறைச்சுக்க அனுமதி இருக்கு, செங்கடல் தாண்டுற வாசகத்தை மட்டும் எப்பவும் விடக்கூடாது. 3லேர்ந்து 5 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 10லேர்ந்து 13 மணி நேரம் தூங்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க, அதுக்கும் கீழ இன்னும் கூட. அந்த தூக்கத்தை நாலு நாள் வரிசையா திருடிட்டு திங்கக்கிழமை ஏன் அழறான்னு கேட்டா என்ன பண்றது.

பழைய கொயர் குரல்:
சட்டம் எண்ணி வாழ்றதுன்னா அப்புறம் எல்லாத்துக்கும் விலக்கு இருக்கும் தம்பி. என் மூணாவது பையனுக்கு அப்ப 4 வயசு, கோவில் முழுக்க இருட்டு, வாசல்ல நெருப்பு, பாஸ்கா மெழுகுதிரிலேர்ந்து ஒவ்வொரு கையா வெளிச்சம் பரவி வருது, என் தோள்ல தூங்கிட்டிருந்தவன் கண்ணை முழிச்சுப் பாத்தான். இன்னைக்கு அவன் கோவில் பக்கமே வர்றதில்ல, ஆனா அந்த ராத்திரியை மட்டும் இன்னும் கேட்டா சொல்றான். அதுக்கு எந்த நம்பர் போட்டு கணக்கு பாப்பீங்க?

தூக்கம் கெட்ட அப்பா:
ஒருத்தன் முழிச்சுப் பாத்தான், சரி. மத்த மூணு பேர்?

பழைய கொயர் குரல்:
தூங்கிட்டாங்க 😄

ரெண்டு ஈஸ்டர் மருமகன்:
எங்க கதையே வேற. என் மனைவி ஆர்த்தடாக்ஸ் சபை, நான் கத்தோலிக்கன், ரெண்டு நாள்காட்டியும் வேறங்கறதால பெரும்பாலான வருஷம் ஈஸ்டரே ரெண்டு தடவை வரும், 2024-ல மார்ச் 31 எங்களுக்கு, மே 5 அவங்களுக்கு, நிம்மதியா பிரிச்சுக்கிட்டோம். 2025-ல ரெண்டும் ஏப்ரல் 20ல வந்து விழுந்துச்சு பாருங்க, சபைகள் எல்லாம் ஒத்துமைன்னு சந்தோஷப்பட்டாங்க, எங்க வீட்ல சண்டை. 2026-ல ஏப்ரல் 5, ஏப்ரல் 12. ஒரு வாரம் இடைவெளி, அதுவே பெரிய வரம்.

கடைசி பெஞ்ச்:
எல்லாரும் கோவிலைப் பத்தியே பேசுறீங்க. கணக்கு பாருங்க, ஞாயிறு பூசை ஒரு மணி நேரம், விருந்து எவ்வளவு நேரம்? காலைல போனா இருட்டுற வரைக்கும். ஒவ்வொரு சித்தியும் குழந்தையை வாங்கி தூக்கத்தை கலைச்சு திருப்பி அம்மா கைல குடுப்பாங்க, அவ அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் நடுவுல ஓடுவா, புருஷன் ஹால்ல மச்சானோட பேசிட்டிருப்பான். உங்களை அழ வச்சது சாமியார் இல்லைங்க, மாமியார்கிட்ட முகத்துக்கு நேரா பேச பயந்துட்டு கோவிலை வெட்டுறீங்க, ஏன்னா கடவுள் முகத்தைத் தூக்கி வச்சுக்க மாட்டார்.

ரெண்டு குட்டி அம்மா:
இது கொஞ்சம் வலிச்சுது. உண்மைங்கறதாலன்னு நினைக்கிறேன். அவர்கிட்ட படிச்சுக் காட்டுனேன், "நான் ஹால்லயா உக்காந்திருந்தேன்?"னு கேட்டார். ஆமா.

ரெண்டு ஈஸ்டர் மருமகன்:
அப்ப விருந்தை நகர்த்துங்க. ஈஸ்டர் ஒரு நாள் திருநாளா என்ன, எட்டு நாளும் பெருவிழா, காலம் முழுசா பாத்தா பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாள். ஒரு வீட்டை அடுத்த ஞாயித்துக்கு தள்ளுனா வழிபாட்டு முறைப்படியே அதுவும் ஈஸ்டர்தான்.

பழைய கொயர் குரல்:
நாள்காட்டில ஈஸ்டர்தான் தம்பி, வீட்ல யார் இருப்பா? வேலைக்கு தூரமா போன பிள்ளைங்க வர்றது இந்த லீவுல மட்டும்தான். அடுத்த ஞாயிறு நானும் அவரும் ரெண்டு பேரும் டிவி பாத்துட்டிருப்போம். அந்த மாமியார் முகத்தைத் தூக்குறது திமிரு மட்டும்னு நினைக்காதீங்க, எங்க வயசுல இன்னும் எத்தனை ஈஸ்டர்னு ஒரு எண்ணம் ஓடும். அதை வாய்விட்டு சொல்ல வராது, கோபமாத்தான் வரும்.

தூக்கம் கெட்ட அப்பா:
இதை நான் யோசிக்கல. ஆனாலும் நாலு நாள்ங்கறது அதிகம்தான், அதுல மாற மாட்டேன்.

கடைசி பெஞ்ச்:
அந்த எண்ணம் இருக்கற பாட்டிங்க வெள்ளிக்கிழமை வந்து குழந்தையை வச்சுக்கிட்டு அம்மாவை தனியா கோவிலுக்கு அனுப்பலாமே? அவளும் ஒரு தடவை முழு பிரசங்கமும் கேக்கட்டும்.

பழைய கொயர் குரல்:
என் பேத்தியை நான் அப்படி வச்சுக்கிட்டதில்ல. கேட்டிருந்தா வச்சிருப்பேன். யாரும் கேக்கல.

ரெண்டு குட்டி அம்மா:
சரி, நேத்து உக்காந்து பேசுனோம். வியாழன் இல்ல. வெள்ளி மாமியார் பாப்பாவைப் பாத்துக்கறாங்க, நானா கேட்டேன், உடனே சரின்னுட்டாங்க, நானே எதிர்பாக்கல. சனி ராத்திரி அவரும் பெரியவனும் மட்டும், நெருப்பைப் பாத்துட்டு அவன் தூங்குனா தூங்கட்டும். ஞாயிறு காலைல நான் பாப்பாவோட. மதியம் அவர் வீடு, ரெண்டரைக்கு கிளம்பிடுவோம்னு அவரே அவங்க அம்மாகிட்ட சொல்றதா ஒத்துக்கிட்டார். எங்க அம்மா வீடு அடுத்த ஞாயிறு, அங்க தங்கச்சி பக்கத்துல இருக்கா, பிரச்சனை இல்ல.

பழைய கொயர் குரல்:
வியாழனை விட்டது எனக்கு இன்னும் மனசு ஒப்பல. சனிக்கிழமை பையனை முன்வரிசைல உக்கார வைக்க வேண்டாம், தூபப் புகைக்கு இருமுவான். ஓரத்துல, கதவு பக்கம்.

தூக்கம் கெட்ட அப்பா:
ரெண்டரைன்னு சொன்னா நாலரை ஆகும். ஒன்றரைன்னு சொல்லச் சொல்லுங்க.