மூட்டுத் தேய்மானத்துக்கு மூலிகைச் சாறு: வலிக்கா, ஜவ்வுக்கா?

வைகைக்கரை: அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. போஸ்வெல்லியா (சல்லகி மரப் பிசின்) காப்ஸ்யூல் கொடுக்கச் சொல்கிறார்கள். டப்பாவில் ‘குருத்தெலும்பைப் பாதுகாக்கும்’, அதாவது மூட்டு ஜவ்வைக் காக்கும் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

மருதமரம்: தாராளமாகக் கொடுங்கள். நாக்பூரில் 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது. வலியும் வீக்கமும் குறைந்தன, நடக்கும் தூரம் கூடியது. பிசினிலுள்ள போஸ்வெல்லிக் அமிலங்கள் அழற்சியைத் தூண்டும் நொதியைத் தடுக்கின்றன.

நிலாமுற்றம்: வலி குறைந்தது உண்மை. ஆனால் அதே ஆய்வில் எக்ஸ்ரேயில் ஒரு மாற்றமும் இல்லை. அதை விட்டுவிட்டீர்களே?

மருதமரம்: எட்டு வாரத்தில் எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? ஜவ்வே அதில் விழாது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை வைத்துத்தான் கணிக்கிறார்கள். 2008-இல் 75 பேரிடம் 90 நாள் செறிவூட்டிய போஸ்வெல்லியா சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். குருத்தெலும்பை அரிக்கும் எம்எம்பி-3 நொதி மூட்டு நீரில் குறைந்தது.

நிலாமுற்றம்: அது தயாரிப்பாளர்களே பங்கெடுத்த ஆய்வு. அதோடு, நொதி குறைந்தால் தேய்மானம் நின்றுவிட்டது என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் 70 பேருக்கு 12 வாரம் மஞ்சள் கிழங்குச் சாறு கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தார்கள் (2020). மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வலி குறைந்தது. குருத்தெலும்பிலோ மூட்டு நீர்க்கோப்பிலோ வித்தியாசமே இல்லை. அவகாடோ-சோயா சாற்றை இடுப்பு மூட்டுக்கு மூன்று வருடம் கொடுத்தும் சராசரித் தேய்மானம் இரு தரப்பிலும் ஒன்றுதான்.

மருதமரம்: சராசரியை மட்டும் சொன்னால் எப்படி? அந்த அவகாடோ ஆய்வில் இடைவெளி அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் சாறு சாப்பிட்டவர்களில் 40 சதவீதம், மற்றவர்களில் 50. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

நிலாமுற்றம்: தள்ளவில்லை, அதைத் தனியாக ஆராய வேண்டும். அதை வைத்து மூலிகை டப்பாக்களில் எல்லாம் ‘பாதுகாக்கும்’ என்று அச்சடிப்பதுதான் எனக்குக் கோபம். வயதானவர்கள் அதை நம்பி மாதாமாதம் பென்ஷன் பணத்தைக் கொட்டுகிறார்கள், தொடைத் தசைக்கான பயிற்சியைக் கைவிடுகிறார்கள்.

மருதமரம்: பயிற்சி செய்யவும் வலி குறைய வேண்டுமே! தாய்லாந்தில் 367 பேரிடம் நான்கு வாரம் ஒப்பிட்டதில், தினம் 1500 மி.கி. மஞ்சள் சாறு, 1200 மி.கி. இபுபுரோஃபென் வலி மாத்திரைக்குக் கிட்டத்தட்ட ஈடு கொடுத்தது. வயிற்றுத் தொல்லையும் குறைவு. வயிறு எரிகிறவருக்கு இது சின்ன விஷயமா?

நிலாமுற்றம்: இல்லை, அதில் உங்கள் பக்கம்தான். வைகைக்கரை, கொடுப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். அம்மா வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையும் வேண்டாம். கல்லீரல் பாதிப்பு பற்றி ஆஸ்திரேலிய அரசே எச்சரித்திருக்கிறது. ரசத்தில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. அப்புறம், இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். ‘ஆர்ட்ரி கிங்’ என்ற மூட்டு மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் வலி மருந்தும் ஒளித்துவைத்திருந்ததை 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கண்டுபிடித்தது.

வைகைக்கரை: அம்மா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். முதலில் டாக்டரைக் கேட்கிறேன்.